ஆனைமலை மரமும் வீட்டுத் தச்சும்

வால்பாறையின் சரித்திரத்தைத் தேயிலையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆழியாற்றங்கரையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 3,500 அடி உயரத்திலுள்ள அந்தப் பீடபூமியை அடைபவருக்கு, சரிவெல்லாம் ஒரே மட்டமாகக் கவ்வாத்துச் செய்யப்பட்ட தேயிலைச் செடிகளே தென்படுவதால், ஆதிமுதல் அந்த நிலம் அப்படியேதான் இருந்தது என்ற எண்ணம் எழுவதும் இயல்பே. ஆனால் தேயிலை அங்கே வேரூன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆனைமலையின் பெயரைக் கப்பல் கட்டுவோரும் இருப்புப்பாதை இடுவோரும் அறிந்திருந்தார்கள். அதற்குக் காரணம் அம்மலையின் தேக்கு. ஆகவே அந்த மலையின் கதையை மரத்தின் வழியாகச் சொல்வதே முறை என்பது என் அபிப்பிராயம். அதிலும், வீட்டுக்கு வேண்டிய கட்டிலையும் நாற்காலியையும் பெட்டகத்தையும் தச்சரிடம் சொல்லிச் செய்வித்துக்கொண்ட வழக்கத்தைப் பற்றிக்கொண்டு சென்றால், அரசாங்கப் பதிவேடுகள் வாய்திறவாத பல சங்கதிகள் புலனாகும். குடும்பத் தலைவர் ஒருவர் தச்சரை அழைத்து, “ஆசாரியாரே, பெண்ணுக்கு ஒரு கட்டில் வேண்டும்” என்று சொல்வது சிறு காரியமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல் தச்சரோடு நின்றுவிடுவதில்லை, காடு வரையில் போய்ச் சேருகிறது. யார் சொன்னார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே ஆனைமலையின் விருக்ஷங்கள் வாழ்ந்தன, வீழ்ந்தன.

முதலில் சொன்னவர்கள் காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். ஆனைமலையின் தொல்குடிகளுள் காடர் என்போர் மூங்கிலையும் ஈற்றையையும் கொண்டு குடிசை சமைத்துக்கொண்டவர்கள். தேனும் கிழங்கும் அவர்களுடைய ஜீவனம். மணம் புரியப்போகும் ஆடவன் மூங்கிலைச் சீவி, நுண்ணிய கோலங்களைக் கீறி, தன் கையால் ஒரு சீப்புச் செய்து மணமகளுக்குக் கொடுப்பதும், அவள் அதைக் கூந்தலில் செருகிக்கொள்வதும் அவர்களிடையே நிலவிய சம்பிரதாயம். இன்ன பெண்ணுக்கென்று, இன்னவன் கையால், பக்கத்துப் புதரில் வெட்டிய மூங்கிலைக் கொண்டு செய்யப்பட்ட அந்தப் பொருளுக்கு ஒரு கழி மூங்கில் போதும். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு மறு முளை கிளம்பிவிடும். தேவைக்கும் காட்டுக்கும் நடுவே தூரமே இல்லாத காலம் அது.

மலையடிவாரத்துக் கொங்குச் சமவெளியில் அந்தத் தூரம் சற்றே கூடியதாயினும், ஊர் எல்லைக்குள் அடங்கியே இருந்தது. கொங்கு நாட்டில் கம்மாளருக்கு இருந்த இடத்தைக் கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள ஒரு சாசனம் தெரிவிக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்துடன் ஆணையிட்ட மன்னர், கம்மாளர் தங்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்கையில் செருப்பு அணியவும், வீடுகளுக்குச் சாந்து பூசவும் உரிமை அளித்திருக்கிறார். பிறர் வீட்டை அலங்கரித்த கைகளுக்குத் தம் சொந்த வீட்டுச் சுவரைப் பூசிக்கொள்ள அரசாணை வேண்டியிருந்தது என்பது மனத்தை வருத்தும் செய்தி. எனினும், அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் அளவுக்கு அவர்களுடைய தொழிலுக்கு மதிப்பு இருந்தது என்பதும் அதே கல்லில் பதிந்திருக்கிறது.

கொங்குக் கிராமத்தில் தச்சர் ஊருக்குப் பொதுவானவர். கலப்பையும் வண்டியும் ஏற்றமும் பழுதானால் சரிசெய்து கொடுப்பதற்காக, அறுவடைக் காலத்தில் களத்து மேட்டிலேயே அவருக்குரிய தானியம் அளக்கப்பட்டது. வீட்டுச் சாமான் செய்வது இந்த ஆண்டுக் கடமைக்குப் புறம்பானது. அதற்குத் தனியே பேசி, வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்து, நல்ல நாள் பார்த்துத் தொடங்குவார்கள். மரம் கடையிலிருந்து வருவதில்லை. தோட்டத்து வேம்போ, வேலியோரத்துப் பூவரசோ, வாகையோ, காய்ப்பு ஓய்ந்த பலாவோ, இன்ன காரியத்துக்கென்று வீட்டுப் பெரியவர்களால் பல ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டிருக்கும். இலை உதிர்ந்த பருவத்தில், தேய்பிறையில் வெட்டுவதும், வெட்டிய கட்டையை நிழலில் கிடத்தி ஈரம் வற்றக் காத்திருப்பதும் வழக்கம். உட்பகுதியான வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பூச்சி அரிக்கும் வெளிறைக் கழித்துவிடுவார் தச்சர். பின்னர் அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்து அமர்வார். வாய்ச்சியும் உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் மூலைமட்டமும் கொண்ட அவருடைய பை, அந்த வேலை முடியும் வரையில் அவ்வீட்டுச் சொத்தாகவே காவல் பெறும். பாட்டி உட்காரும் முக்காலிக்கு உயரம் எவ்வளவு என்பதைப் பாட்டியை உட்காரவைத்தே தீர்மானிப்பார். ஊஞ்சற்பலகையின் நீளம் கூடத்து உத்தரத்தின் இடைவெளியைக் கண்டு முடிவாகும். முடிந்த நாளில் வேட்டியும் தாம்பூலமும் தட்சிணையும் கொடுத்து வழியனுப்புவார்கள். இவ்வாறு செய்யப்பட்ட ஒரு பெட்டகம் மூன்று தலைமுறைக்கு நெல்லையும் நகையையும் பத்திரங்களையும் காத்ததென்றால் வியப்பில்லை. எந்த மரம், யார் கை, எவர் கலியாணம் என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் நினைவில் இருந்தன.

இந்த ஒழுங்கைக் கலைத்த கட்டளை கடற்கரையிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு இரும்பாணியை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசையோ ஆணியையும் காத்து, கறையானையும் கடற்புழுவையும் எதிர்த்து நிற்கும். இந்தக் குணம் பற்றியே பம்பாய்க் கப்பல் தளத்தில் பார்சி வாடியா வமிசத்தார் மலையாளக் கரைத் தேக்கைக் கொண்டு ஆங்கிலக் கடற்படைக்குக் கப்பல்கள் கட்டினார்கள். அவற்றுள் 1817-இல் கட்டி முடிந்த ‘டிரிங்கோமாலி’ இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. மலையாளக் கரையின் எளிதில் எட்டும் மரங்கள் குறைந்தபோது, கும்பினியாரின் பார்வை ஆனைமலைமீது திரும்பியது. 1848-ஐ ஒட்டி மைக்கேல் என்ற இளம் இராணுவ அதிகாரி அக்காட்டின் மர வேலைக்கென்று நியமிக்கப்பட்டார். பாதை வெட்டி, யானைகளைக் கொண்டு கட்டைகளை இழுத்து, மலை விளிம்பிலிருந்து சரிவில் உருட்டிவிட்டுச் சேத்துமடைப் பக்கத்தில் கீழே சேர்க்கும் முறையை ஏற்படுத்தினார்கள். கட்டைகளைச் சரியவிட்ட மேல்முனைதான் இன்றைய டாப்ஸ்லிப். யானைகளைப் பழக்குவதிலும் நடத்துவதிலும் வல்லவர்களான மலசர் குடியினரின் உழைப்பு இல்லாமல் இந்த ஏற்பாடு ஒருநாளும் நடந்திராது.

1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் இராயபுரத்திலிருந்து முதல் இரயிலும் புறப்பட்டது. அடுத்த ஆறாண்டுகளுக்குள் இருப்புப்பாதை போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இடும் கட்டைகளுக்காகவும், எஞ்சினில் எரிக்கும் விறகுக்காகவும் காடுகள் கேட்கப்பட்டன. கொச்சி சமஸ்தானத்தாரும் தம் பங்குக்குச் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரையில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வன டிராம் பாதையை அமைத்தார்கள்; அதன் வழியே 1907 முதல் 1963 வரை மரம் இறங்கியது. கப்பலுக்கும் இரயிலுக்கும் மரம் கேட்டவர் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. இத்தனை கன அடி என்ற கணக்கையே பார்த்தார். அடிமரத்தின் பட்டையை வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே உலரவிட்டு, பிறகு சாய்க்கப்பட்ட ஒரு தேக்கு வளர்வதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதைக் காட்டும் பத்தி எதுவும் அந்தக் கணக்கேட்டில் இல்லை. பரம்பிக்குளத்தில் நிற்கும் கன்னிமாராத் தேக்கைப் பற்றி, அதை வெட்டக் கோடரி வைத்தபோது உதிரம் பீறிட்டதாகவும், அதனால் அஞ்சி விட்டுவிட்டதாகவும் மலைக்குடிகள் சொல்லும் ஐதிகம், அந்நாளில் அவர்கள் பட்ட துயரத்தின் குரலாகவே எனக்குப் படுகிறது. ஒரு மரத்தையாவது தெய்வமாக்கித்தான் காப்பாற்ற முடிந்தது.

வால்பாறைப் பீடபூமியின் மழைக்காடு இதற்குப் பிறகே திறக்கப்பட்டது. காப்பி பயிரிட முன்னரே சில முயற்சிகள் நடந்திருந்தபோதிலும், 1890களில் கார்வர் மார்ஷ் முதலிய துரைமார் வந்த பின்பே தோட்டத் தொழில் நிலைபெற்றது. கவர்க்கல்லில் மார்ஷுக்குச் சிலையும் எழுந்தது. கொட்டகையில் தொடங்கிய துரைமாரின் வாழ்வு, சில ஆண்டுகளில் ஓட்டுக் கூரையும் கண்ணாடி ஜன்னலும் கணப்பு அடுப்பும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட பங்களாவாக விரிந்தது. பங்களா எழுந்துவிட்டது, உள்ளே வைக்கச் சாமான் எங்கே? சீமையிலிருந்து வரவழைத்த மேஜை நாற்காலியைச் சமவெளியிலிருந்து மலைக்கு ஏற்றுவது, நல்ல சாலை அமையும் வரையில், மிகுந்த பிரயாசையும் செலவும் பிடித்த காரியம். அதனால் தோட்டத்துப் பட்டறையிலேயே சாமான் பிறந்தது. தொழிற்சாலையில் தேயிலையை வாட்டும் சட்டங்களையும் கதவு ஜன்னல்களையும் செய்துவந்த தச்சர்களே, ஓய்வு வேளையில் துரையின் சாப்பாட்டு மேஜையையும் கட்டிலையும் புத்தக அலமாரியையும் செய்தார்கள். துரைமார் ஒரு விலைப்பட்டியலின் படத்தையோ தாமே கிறுக்கிய கோட்டுருவத்தையோ காட்டுவார்கள். தச்சர் அதைப் பார்த்து, மனத்துக்குள் முழ அளவாக மாற்றிக்கொண்டு, ஈட்டியிலும் தேக்கிலும் சந்தன வேம்பிலும் அயினியிலும் அதை உருவாக்கிவிடுவார்.

இந்தத் திறமை தமிழ்க் கரைக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையின் தச்சர்கள், ஐரோப்பியர் கேட்ட வடிவில், கருங்காலி மரத்தில் செறிவான கொடியும் பூவும் செதுக்கிய நாற்காலிகளைச் செய்து கொடுத்தார்கள். அவை இங்கிலாந்துக்குச் சென்று பெரிய மாளிகைகளில் இடம்பெற்ற பிறகு, எங்கே பிறந்தவை என்பது மறந்துபோய், பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் ரசிகரான ஹொரேஸ் வால்போலே அவற்றைத் தம் நாட்டு டியூடர் அரசர் காலத்துப் பழம்பொருள் என்று நம்பி வாங்கி வைத்தார். செய்வித்தவர் பெயர் நிற்கும், செய்தவர் பெயர் அழியும் என்ற நியதி ஆனைமலை பங்களாக்களிலும் தொடர்ந்தது. தாழ்வாரங்களில் நூறாண்டு உழைத்த நாற்காலிகளில் ஒரு தச்சரின் பெயரையும் காணமுடியாது.

ஆயினும் அந்தத் தச்சர்கள் எதிர்கொண்ட கஷ்டம் அவர்களுடைய வேலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வால்பாறையின் மழை சாமானியமானதன்று. அங்குள்ள சின்னக்கல்லார் தென்னிந்தியாவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. மரம் ஈரத்தை உண்டால் குறுக்கு வாட்டத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கும். நெடுக்கு வாட்டத்திலோ அநேகமாக மாறுவதேயில்லை. பொள்ளாச்சியின் உலர்ந்த காற்றில் கச்சிதமாகப் பொருந்திய கழுந்து, ஆனி ஆடி மாதத்தில் மலைமேல் வந்தால் துளைக்குள் இறுகிப் பலகையைப் பிளந்துவிடும். இழுப்பறைகள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதையறிந்தவர்கள் மரத்தை மலைமேலேயே ஒரு மழையும் ஒரு கோடையும் காணும்படி அடுக்கி வைத்துப் பக்குவப்படுத்தினார்கள். அலமாரிக் கதவில் நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், சுற்றுச் சட்டத்தின் காடிக்குள் தளர்வாக நிறுத்தி, அது பருக்கவும் சுருங்கவும் இடம் விட்டார்கள். இரும்பாணி துருவேறும் என்பதால் மூங்கிலாணியும் மர ஆணியும் அடித்தார்கள். எறும்பும் கறையானும் ஏறாதபடி அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள். நாளெல்லாம் அட்டைக்கடியில் சரிவு ஏறி இறங்கிய துரை, மாலையில் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டுவதற்கென்று, கைப்பலகை இருபுறமும் முன்னோக்கி நீண்டு விரியும் சாய்வு நாற்காலியைப் பிரம்புப் பின்னலுடன் அமைத்தார்கள். வெப்ப தேசத்துத் தோட்டங்களிலெல்லாம் பழகிய உருவந்தான் அது. எனினும் ஒவ்வொரு துரையின் கால் நீளத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் தனியே அளந்து செய்யப்பட்டது.

இவ்வளவு நேர்த்தியையும் போற்றும்போது, சொல்லிச் செய்விக்கும் பாக்கியமே இல்லாதிருந்தவர்களை மறப்பது தர்மமாகாது. திருநெல்வேலி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டு, அந்தக் காட்டை அழித்துத் தேயிலை நட்ட ஜனங்கள், பாடி என்று அழைக்கப்பட்ட வரிசை வீடுகளில் ஓர் அறையில் இரண்டு குடும்பங்களாக முடங்கிக் கிடந்தார்கள். அவர்கள் பட்ட அவதியை, அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக 1969-இல் வெளியிட்டார்; இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். கட்டிலுக்கு இடமில்லாத வீட்டில் கட்டில் செய்யச் சொல்வது எங்ஙனம்? தேயிலை அடைத்தனுப்பும் ஒட்டுப்பலகைப் பெட்டியில் உடைந்தது ஒன்று கிடைத்தால் அதுவே அலமாரி, அதுவே சுவாமி மாடம். அந்தப் பெட்டிக்குரிய பலகையும் ஒரு காலத்தில் கடல் கடந்தே வந்தது. பால்டிக் கரையிலுள்ள ரேவால் நகரத்து லூதர் ஆலையின் பூர்ஜ மரத்து ஒட்டுப்பலகையை, 1897-இல் லண்டனில் ஏற்பட்ட வெனெஸ்டா என்ற கம்பெனி, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தேயிலைப் பெட்டியாக அனுப்பியது. தோட்டத் தொழிலாளர்க்கு முறையான வீடு கொடுப்பதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1951-இல்தான் பிறந்தது. அதன் பிறகே ஒரு தொழிலாளி தன் மகளின் கலியாணத்துக்கு ஒரு கட்டிலையும் பெஞ்சையும் தச்சரிடம் சொல்லிச் செய்வது, மெல்ல மெல்ல, நடக்கக்கூடிய காரியமாயிற்று.

வெட்டியதை மீண்டும் நடவேண்டும் என்ற எண்ணம் ஆங்கில அதிகாரிகளுள் எல்லாருக்கும் இல்லாமற் போகவில்லை. நிலம்பூரில் 1840களிலேயே கலெக்டர் கானலியும் சாத்து மேனோனும் தேக்குத் தோட்டம் வளர்த்துக் காட்டினார்கள். ஆனைமலையில் அந்தக் கைங்கரியத்தைச் செய்தவர் ஹியூகோ வுட். 1910களின் நடுவிலிருந்து 1926 வரையில் தென் கோயம்புத்தூர் வனக் கோட்டத்தின் அதிகாரியாக இருந்த அவர், வெட்டுண்ட தேக்குகளின் அடிக்கட்டையைத் தரைமட்டமாகச் செதுக்கிவிட்டு அதிலிருந்து புதுத் தளிர் கிளம்பச் செய்தும், வெற்றிடங்களில் புதிதாக நட்டும், அழிந்த காட்டை மீட்டார். கைத்தடியால் மண்ணைக் குத்தித் தேக்கு விதைகளை இட்டுக்கொண்டே அவர் காட்டில் நடப்பார் என்று இன்றும் டாப்ஸ்லிப் மக்கள் சொல்வார்கள். மணம் புரியாமல் வாழ்ந்து, 1933-இல் குன்னூரில் காலமான அவர், தம் விருப்பப்படி, தாம் வளர்த்த மரங்களுக்கிடையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் பொறித்த லத்தீன் வாசகம், தமக்கு ஞாபகச் சின்னம் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருளைத் தருகிறது. ஆங்கே தேக்கு வனம் நிற்பதால் அவ்வாசகம் பொய்க்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. ஒன்று, பிற தேசத்து மரமும் இரும்புச் சாமானும் பெருகியது. பர்மாத் தேக்கு அதற்கு முன்பே தமிழகமெங்கும் பரவியிருந்தது. அந்த வாணிபத்தின் பெரிய நிறுவனமும், 1885-இல் பர்மா யுத்தம் மூளக் காரணமான மர வரித் தகராற்றில் சம்பந்தப்பட்டதுமான பம்பாய் பர்மா கம்பெனியே வால்பாறையில் முடீஸ் தோட்டங்களை நடத்தியது என்பது, மரத்தின் சரித்திரமும் தேயிலையின் சரித்திரமும் ஒரே கையில் கூடியதைக் காட்டும். கலியாணச் சீரில் மரப்பெட்டகத்தின் இடத்தை இரும்பு பீரோ பிடித்துக்கொண்டது. மற்றொன்று, காட்டின் கதவு அடைபட்டது. மலைப்பகுதி மரங்களைக் காக்கும் சட்டம் 1955-இலும், வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-இலும் வந்தன. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் குறித்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி இட்ட ஆணை தேசமெங்கும் காட்டு மர வெட்டைத் தடுத்து நிறுத்தியது. 1976-இல் சரணாலயமான ஆனைமலை, 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. மரம் இழுத்த யானைகளின் சந்ததி கோழிகமுத்தி முகாமில் இன்று காட்டைக் காக்கும் பணியில் இருக்கிறது.

இதனால் தச்சுத்தொழில் அஸ்தமித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. தேயிலைக்கு நிழலாக வைக்கப்பட்ட, ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்ட சில்வர் ஓக், நட்டு வளர்த்து வெட்டக்கூடிய மரம்; அனுமதி பெற்று வெட்டிய அதன் பலகை, மினுமினுக்கும் ரேகையுடன், அலமாரிக்கும் மேஜைக்கும் நன்றாகவே பயன்படும். வயது முதிர்ந்து பிடுங்கப்பட்ட தேயிலைச் செடியின் முறுக்கேறிய வேர்க்கட்டையைக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து நிறுத்தி, மேலே கண்ணாடி பதித்து டீப்பாய் ஆக்கும் கலை மலைத்தோட்டங்களுக்கே உரியது. இடித்த பழைய வீடுகளின் நிலையையும் உத்தரத்தையும் வாங்கி இழைத்தால், நூறாண்டு பக்குவப்பட்ட வைரம் கிடைக்கிறது. புது மரம் ஒன்றும் சாய வேண்டியதில்லை.

ஆயத்தச் சாமான் கடைகள் மலிந்த இந்நாளில், தச்சரிடம் சொல்லிச் செய்விப்பது வீண் செலவு என்று பலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. ஒட்டுத்தூள் பலகையில் அச்சடித்தாற்போல் வந்திறங்கும் அலமாரி, இரண்டு மழைக்காலத்தில் உப்பி உதிர்ந்து, மறுபடியும் ஒன்று வாங்கச் செய்கிறது. எங்கேயோ ஒரு காடு மறுபடியும் விலை கொடுக்கிறது. சொல்லிச் செய்வித்த சாமானோ பழுது பார்க்கத் தக்கது. கால் உடைந்தால் கால் மாற்றலாம், பிரம்பு அறுந்தால் பின்னலாம். ஆகவே புதுவீடு கட்டுவோரும் பெண்ணுக்குச் சீர் செய்வோரும் தச்சரை அழைத்து மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்: இந்த மரம் எங்கே நின்றது, அதற்குப் பதிலாக எது வளர்கிறது, இதைச் செய்யும் கைக்கு நியாயமான கூலி சேருகிறதா? கொங்குத் திண்ணையில் அமர்ந்து அச்சாரம் கொடுத்த முன்னோர் இவற்றுக்கு விடை தெரிந்தே பேசினார்கள். கப்பலுக்கு மரம் கேட்டவர்கள் கேட்கவேயில்லை, ஆனைமலை அதன் பலனை அனுபவித்தது. விடை தெரிந்து குறைவாகச் செய்வித்து, செய்வித்ததைப் பேரப்பிள்ளைகள் காலம் வரையில் பேணுபவரே மரத்துக்கும் தச்சருக்கும் பட்ட கடனைத் தீர்த்தவராவார்.